வாடகைக்கு வீடு கொடுத்த மாமி

வீடு பார்க்கப் போன அன்று அவர் எங்களிடம் கேட்ட முதற் கேள்வி, "எப்ப போவீங்க?" என்பதுதான். நாங்கள் இன்னும் படலையைக்கூடத் தாண்டவில்லை. குடையோடு நின்ற என் கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்குக் கச்சேரி அலுவலகத்தில் எழுதுகிற லிகிதர் வேலை. அரசாங்கம் எப்போது தூக்கி எங்கே போடும் என்று அவருக்கே தெரியாது. "மூண்டு நாலு வருசமாவது இருப்பம் மாமி" என்றார். அந்த அம்மாளின் முகம் வெளிறிவிட்டது. "நாலு வருசமோ?" என்று கேட்டுப் படலைத் தடியைப் பிடித்துக்கொண்டார். நீண்டகாலம் இருப்போம் என்று சொன்னால் வீட்டுக்காரர் சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்த எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நாங்கள் அவரை மாமி என்றே கூப்பிட்டோம். கழுத்தில் செபமாலை, ஒட்டி உலர்ந்த உடம்பு. பேசும்போது கண் நம்மைப் பார்க்காது, நமக்குப் பின்னால் இருக்கும் கதவையே பார்க்கும். மட்டக்களப்புப் பட்டணத்தில், வாவிப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அவருக்கு அருகருகே இரண்டு வளவுகள் இருந்தன. ஒன்றில் ஓலைக் குடில். அதில் அவரும் மகள் திரேசாவும் இருந்தார்கள். மற்றதில் ஓட்டு வீடு. மேசன் வேலை செய்த அவருடைய கணவர் சாவதற்கு முன் கட்டிவிட்டுப் போன வீடு அது. நல்ல வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஒழுகும் வீட்டில் அவர்கள் இருந்ததற்குக் காரணம் வயிறுதான். வேறு வருமானம் கிடையாது.

எங்கள் பக்கத்தில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணுடைய வீட்டுக்கு வருவான். பெண்ணுக்குக் காது குத்தும்போதே அவளுக்கென்று ஒரு வீட்டைத் தாய் நினைத்து வைத்துவிடுவாள். எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்த ஓட்டு வீடு திரேசாவின் சீதன வீடு. வீடு போனால் கலியாணம் போனது. மாமியின் பயம் எல்லாம் அந்த ஒன்றைச் சுற்றித்தான். உள்ளே விட்ட ஆள் வெளியே போகமாட்டான் என்ற பயம்.

குடிவந்த முதற் கிழமை நான் வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில் ஒரு முருங்கைத் தடி நட்டேன். அடுத்த நாள் பார்த்தால் நட்ட இடத்தில் குழிதான் இருக்கிறது. மாடு தின்றிருக்கும் என்று நினைத்து நான் தேட, வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து குரல் வந்தது.

"மாடு இல்லகா. நான்தான் புடுங்கினன்."

"ஏன் மாமி?"

"மரம் வைச்சா மறுகா அது எங்கட மரம் எண்டு சொல்லுவீங்க. மரம் உங்கட எண்டா, அது நிற்கிற மண்ணு ஆர்ட?"

"ஒரு முருங்கைக்கா மாமி இவ்வளவும்?"

"கொச்சிக்காய் வையுங்க. கத்தரி வையுங்க. சுறுக்காச் சாகிறதா வையுங்க புள்ள."

அவர் சொன்னதில் கோபம் இல்லை. கெஞ்சலாகத்தான் சொன்னார். அதனால் எனக்குச் சண்டை பிடிக்கவும் முடியவில்லை. தேங்காய் பறிக்க ஆள் கூட்டிவந்தால் ஒழுங்கை முழுதும் கேட்கும்படி, "என்ட மரத்தில ஏறு, என்ட மரத்தில ஏறு" என்று சத்தம் போடுவார். பறித்த பிறகு பாதித் தேங்காயை எங்கள் விறாந்தையிலேயே போட்டுவிட்டுப் போவார். அவருக்குத் தேங்காய் முக்கியமில்லை. யாருடைய மரம் என்பதை நாலு பேர் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

கோயிலுக்குப் போய் வரும் வழியில் அவர் கோட்டு முற்றத்தில் நின்று வழக்குக் கேட்பார். மற்றப் பெண்கள் படம் பார்க்கப் போவது போல இவர் வழக்குப் பார்க்கப் போனார். ஒவ்வொரு முறையும் ஒரு புதுப் பயத்தோடு திரும்பி வருவார். வந்து, வேலை விட்டு வந்து சட்டை கழற்றாமல் நிற்கும் என் கணவரைப் பிடித்துக்கொள்வார்.

"தம்பி, பத்து வருசம் ஒருத்தன் இருந்தா வீடு அவனுக்காமே?"

"வாடகை குடுத்து இருக்கிறவனுக்கு அப்பிடி ஆகாது மாமி. வாடகை குடுக்கிறதே வீடு உங்கட எண்டு ஒத்துக்கொள்ளுறதுதானே."

அன்று மாலை வரைக்கும் அவர் முகம் தெளிவாக இருந்தது. விளக்கு வைக்கும் நேரம் மறுபடியும் வந்தார்.

"அப்ப வாடகை வாங்கினா எழுப்பேலாதாமே தம்பி? சட்டம் இரிக்காமே?"

"ஓம் மாமி. சரியாக் குடுத்து வாறவனைக் காரணமில்லாம எழுப்பேலா."

"வாங்காட்டிலும் போச்சு, வாங்கினாலும் போச்சு. அப்ப நான் என்னதான் தம்பி செய்யிற?"

என் கணவர் சட்டப் புத்தகங்களை ஆசைக்கு வாசிக்கிறவர். மாமி போன பிறகு, "மனுசி கேட்டதில பிழையில்லை" என்றார். எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. கலியாணம் முடித்து இரண்டு வருடம்கூட ஆகாத எனக்கு, வீட்டை இழப்பது என்றால் என்ன என்று தெரியாது.

நான் பிள்ளைத்தாச்சியானபோது அந்த ஒழுங்கையில் அதிகம் கலங்கியவர் மாமிதான். என் தாய் வீடு வாவிக்கு அப்பால் மண்டூரில். பிள்ளைப்பேற்றுக்கு அங்கே போவதாக ஏற்பாடு. அந்த ஏற்பாட்டில் என்னைவிட மாமிக்குத்தான் ஆர்வம். ஏழாம் மாதமே, "இன்னும் போகல்லையா புள்ள?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார். மாரி முந்திக்கொண்டது. துறையில் தோணி விடவில்லை என்று சேதி வந்தது. மழை தணியட்டும் என்று இருந்தபோது ஒரு பின்னேரம் எனக்கு நோவு கண்டுவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கார் பிடிக்கிறேன் என்று என் கணவர் மழைக்குள் ஓடினார். கார் வரும் வரைக்கும் பிள்ளை பொறுக்கவில்லை.

மாமி வேலியைப் பிரித்துக்கொண்டு ஓடி வந்தார். அவ்வளவு பயந்த மனுசியின் கை அன்று நடுங்கவே இல்லை. என்னைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு, "அந்தோனியாரே, நம்மட புள்ளயக் காப்பாத்து, நம்மட புள்ளயக் காப்பாத்து" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். திரேசா வெந்நீர் வைத்தாள். பெண் பிள்ளை பிறந்தது. மாமி அதைத் துடைத்து என் பக்கத்தில் கிடத்தி, நெற்றியில் சிலுவை போட்டார். பெற்ற தாய்கூட அன்று அவரைவிட அதிகம் எனக்குச் செய்திருக்க முடியாது. அதை நான் எங்கேயும் சொல்வேன்.

கொஞ்ச நேரத்தில் யன்னலால் பார்த்தேன். கொட்டும் மழையில் மாமி தன்னுடைய வளவுக்குள் மண்வெட்டியால் குழி தோண்டுகிறார். பக்கத்தில் ஒரு சட்டி. நஞ்சுக்கொடியைத்தான் அப்படி எடுத்துப் போயிருந்தார். பிள்ளை பிறந்த வளவிலேயே அதைப் புதைப்பது எல்லா வீடுகளிலும் நடக்கிற காரியம். மாமி மட்டும் வேலி தாண்டிக் கொண்டுபோனார்.

"என்ன திரேசா அம்மா செய்யிறா?"

திரேசா தலையைக் குனிந்துகொண்டாள். "கொடி புதைச்ச மண்ணைப் புள்ளைகள் விடாதாம் அக்கா. அதுதான் எங்கட பக்கத்தில புதைக்கிறா. அம்மாவோட கோவிக்காதீங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. பிறந்து ஒரு மணி நேரம் ஆகாத என் மகளுக்கும் அந்த மனுசி பயந்துவிட்டார். என்னை மடியில் ஏந்திய அதே ஆள்தானே இது என்று கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன்.

பிள்ளை பெற்ற துடக்கு நாட்களில் அவர்தான் காயம் என்ற மருந்துச் சரக்கை அரைத்துக் கொண்டுவந்து தந்தார். எனக்கு எண்ணெய் பூசிவிட்டபடி ஒருநாள் தன் தாயின் கதையைச் சொன்னார். அதைச் சொல்லும்போதும் கண் கதவில்தான் இருந்தது. அவருடைய தாயும் கைம்பெண். இதே பட்டணத்தில் வேறு ஒழுங்கையில் வீடு. ரோட்டு வேலை பார்க்க வந்த ஒரு ஓவசியருக்கு மூன்று மாதத்துக்கு என்று கொடுத்தார்களாம். தாயும் மாமியும் சொந்தக்காரர் வீட்டுக் கோடியில் ஒரு சாய்ப்புக் குடிசையில் ஒதுங்கினார்கள். ஓவசியர் போகவில்லை. கோட்டுக்குப் போனார்கள். ஓவசியருக்குப் பிள்ளைகள் நிறைய, போக வேறு இடமில்லை. உங்களுக்கு ஒதுங்க ஒரு இடம் இருக்கிறது என்று தீர்ப்பாகிவிட்டதாம்.

"மனுசன் கெட்டவன் இல்லகா. அதுதான் எனக்கு இப்பவும் பயம். ஒழுங்கா வாடகை தந்தான். கண்ட இடத்தில அம்மாவுக்குக் கும்பிடு போடுவான். அம்மா அந்தச் சாய்ப்பிலயே செத்துப் போயிற்றா. செத்த வீட்டுக்கு முதல் ஆளா அவன்தான் வந்து நிற்கான்."

"நாங்க அப்பிடிச் செய்ய மாட்டம் மாமி" என்றேன்.

"அவனும் அப்பிடித்தான்கா சொன்ன" என்றார் மாமி.

நாங்கள் சொன்ன நாலு வருடம் கழிவதற்குள், வீடுகளுக்கு உச்சவரம்பு வருகிறது என்ற பேச்சுத் தொடங்கியது. மேலதிக வீடுகளை அரசாங்கம் எடுக்கும், குடியிருப்பவர் விரும்பினால் வாங்கலாம் என்று சந்தையிலும் பஸ்ஸிலும் இதே கதை. கதை வாய்க்கு வாய் மாறி மாமியின் காதுக்கு வரும்போது, இருக்கிறவனுக்கே வீடு என்று ஆகிவிட்டது. அவர் சாப்பாட்டை விட்டார். எங்கள் வீட்டுச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார். என் கணவரிடம் கேள்வி கேட்பதை நிறுத்தினார். அதுதான் எங்களை உறுத்தியது. இவ்வளவு காலமும் எங்களிடம்தான் கேட்டார். இப்போது அவர் பயப்படும் ஆட்களே நாங்கள்தான்.

அவருக்குத் தன்னாமுனையில் ஒரு தம்பி இருந்தார். திரேசாவின் தாய்மாமன். எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்குத் தாய்மாமன்தான் முதல் ஆள். கலியாணப் பேச்சு அவரில்லாமல் தொடங்காது. மருமகளின் சொத்துக்கு அவர் காவல். அவர் அதைத் தொடுவார் என்று நினைப்பதே பாவம் என்று வளர்ந்தவர்கள் நாங்கள் எல்லோரும். அந்தத் தம்பி வந்து சொன்னார், "அக்கா, இப்போதைக்கு வீட்டை என்ட பேருக்கு உறுதி எழுதி முடிப்பம். சட்டம் போகட்டும். திரேசாட கலியாணத்துக்கு நான் திருப்பி எழுதித் தாறன்." மாமி யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வந்தார். அன்றுதான் நெடுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார் என்று திரேசா சொன்னாள்.

என் கணவருக்கு விஷயம் தெரிந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. தலையில் கைவைத்தபடி சொன்னார்.

"மாமி, அந்தச் சட்டம் ரெண்டு வீட்டுக்காரரை ஒண்டும் செய்யாது. ரெண்டு வீடு வரைக்கும் வைச்சிருக்கலாம். என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கப்படாதா?"

"உங்களிட்டயா?" என்றார் மாமி.

தம்பிக்கு ஒரே மகள். அவளுக்குத் திரேசாவுக்கு முந்தியே கலியாணம் சரிவந்தது. தன்னாமுனையில் அவருக்கு இருந்த வீட்டில் அவரும் மனைவியும் இருந்தார்கள். அது கடனுக்கு ஈட்டிலும் இருந்ததாம். மகளுக்குக் கொடுக்க ஒரு வீடு வேண்டும். ஒருநாள் எங்கள் விறாந்தையில் ஏறி நின்று என் கணவரிடம், "மகளுக்குக் கலியாணம் தம்பி. வீட்டை ஒழிச்சித் தாங்க" என்றார். வேலிக்கு அந்தப் பக்கம் மாமி நின்றுகொண்டிருந்தார். அவர் அழவில்லை, சத்தம் போடவில்லை. "எந்த வீட்டை?" என்று மட்டும் கேட்டார். தம்பி அக்காவின் முகத்தைப் பாராமல் படலையைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

என் கணவரும் மாமியும் கோட்டில் வழக்குப் பேசும் ஒரு பிறக்கிறாசியாரிடம் போனார்கள். அவர் இரண்டு விஷயம் சொன்னாராம். ஒன்று, உறுதி சுத்தமாக எழுதப்பட்டிருக்கிறது. திருப்பித் தருவேன் என்று வாயால் சொன்னது காணி விஷயத்தில் கோட்டில் நிற்காது. இரண்டாவது, வாடகைக்கு ஆள் இருக்கும்போது வீட்டை வாங்கியவர், தனக்கு வேண்டும் என்று சொல்லி அந்த ஆளை எழுப்ப முடியாது.

அன்று பின்னேரம் மாமி குசினிக் கதவால் வந்தார். நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். என் முன்னால் குந்தி, மீன் செதில் ஒட்டிய என் கையை அப்படியே பிடித்துக்கொண்டார்.

"புள்ள, போயிராதகா. நீ இரிக்கும் வரைக்கும் அவன் உள்ளுக்கு வர ஏலாதாம். திரேசாவுக்கு ஒரு வழி பிறக்கும் வரைக்கும் இரி. போயிராத."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு முருங்கைத் தடியை வைக்க விடாத மனுசி. என் பிள்ளையின் கொடியை வேலிக்கு அப்பால் கொண்டுபோய்ப் புதைத்த மனுசி. "போகமாட்டன் மாமி" என்று சொன்னேன். சொன்னதை முழு மனதோடுதான் சொன்னேன்.

ஆனால் என் கணவருக்கு மன்னாருக்கு மாற்றம் வந்தது. எனக்கு இங்கே பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற வேலை. பிள்ளையைத் திரேசா பார்த்துக்கொள்வாள். நான் இருக்கிறேன் என்றேன். அவருக்கு விருப்பமில்லை. "நம்மட வீடில்லை, நம்மட சண்டையுமில்லை" என்றார். இருந்தாலும் மாமியின் முகத்தைப் பார்த்த பிறகு அவரும் பெட்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார்.

பிறகுதான் பயம் என்றால் என்ன என்று நான் படித்தேன். கருக்கலில் கூரையில் கல் விழும். எழுந்து போய்ப் பார்த்தால் ஒழுங்கையில் ஒருவரும் இல்லை. ஒருநாள் கிணற்றில் செத்த காகம் மிதந்தது. எதிரே மதகில் இரண்டு பேர் சைக்கிளைச் சாத்திவிட்டுப் பகல் முழுதும் குந்தியிருப்பார்கள். பேசமாட்டார்கள், எங்கள் படலையையே பார்ப்பார்கள். ஒருநாள் நான் பள்ளிக்கூடத்தால் வரும்போது அவர்களில் ஒருவன், "டீச்சர், மகளுக்கு என்ன வயசு?" என்று சிரித்துக்கொண்டு கேட்டான். நான் பதில் சொல்லாமல் நடந்தேன். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தி, உட்காரும் வாங்கை இழுத்து அதற்கு முட்டுக் கொடுத்தேன்.

மாமி ஒவ்வொரு மாலையும் செபமாலையோடு வந்து எங்களுக்குத் துணை இருப்பார். அது துணையா, உபத்திரவமா என்று எனக்குத் தெரியவில்லை. ஓலை அசைந்தாலும் திடுக்கிடுவார். அவர் திடுக்கிட நானும் திடுக்கிடுவேன். நடுவில் எழுந்து அறை அறையாகப் போய், சாமான்களைப் பார்த்துவிட்டு வருவார். நான் புதிதாக ஒரு அலுமாரி வாங்கியிருந்தேன். அதன் முன்னால் நெடுநேரம் நின்றார். "பாரமான அலுமாரி" என்றார். இதைத் தூக்கிக்கொண்டு யார் போவார்கள் என்று அவர் மனதுக்குள் ஓடியது எனக்குக் கேட்டது. அவருக்காகத்தானே இவ்வளவு பாடும் படுகிறேன் என்று எனக்கு நெஞ்சு எரிந்தது.

ஒரு சனிக்கிழமை பகல் தம்பிக்காரர் தனியாக வந்தார். மரியாதையாகச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு விறாந்தைக் கதிரையில் இருந்தார். வந்த ஆளுக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் விட எனக்குப் பழக்கமில்லை, கொடுத்தேன்.

"தங்கச்சி, நமக்குள்ள ஏன் இந்தக் கரைச்சல்? நீங்களே வாங்கிப் போடுங்க. அந்தக் காசில நான் மகளுக்கு வேற இடத்தில பாக்கன்."

"இது திரேசாட வீடு அண்ணன். நீங்க அவளுக்குக் குடுங்க, நான் நாளைக்கே ஒழிக்கன்."

அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு எழுந்தார். அவர் போன பிறகுதான் நான் வேலிப் பக்கம் பார்த்தேன். கிடுகு ஓலையின் இடைவெளியில் மாமியின் கண் தெரிந்தது. நாங்கள் பேசியது அந்தத் தூரத்துக்குக் கேட்டிருக்காது. கதிரையும் கோப்பையும்தான் தெரிந்திருக்கும்.

ஓடிப்போய் நடந்ததைச் சொன்னேன். மாமி கேட்டுக்கொண்டிருந்தார். "ஓம் புள்ள, ஓம் புள்ள" என்றார். கண் என் பின்னால் இருந்த என் வீட்டுக் கதவிலேயே இருந்தது. அன்று மாலை அவர் துணைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. "அம்மா நித்திரை கொள்ளுறா இல்ல அக்கா. நீங்க வாங்கப் போறீங்க எண்டே சொல்லிக்கொண்டிருக்கா. நான் சொன்னாலும் கேட்கிறா இல்ல" என்று திரேசா அழுதாள். அடுத்த கிழமை மாமி தன்னாமுனைக்குப் பஸ் ஏறினார். திரும்பி வரும்போது கூடத் தம்பியும் வந்தார்.

இரண்டு பேரும் என் வாசலில் வந்து நின்றார்கள். தம்பி முன்னால், மாமி அவருக்குப் பின்னால்.

"அக்காவும் நானும் பேசித் தீர்த்திற்றம் தங்கச்சி. மகள்ட கலியாணம் நடக்கட்டும். திரேசாவுக்கு மறுகா நான் ஒரு வீடு கட்டிக் குடுப்பன். நீங்க ஒழிச்சிருங்க."

நான் அவரைப் பார்க்கவில்லை. "மாமி, நீங்க சொல்லுங்க. உங்கட வாயால போ எண்டு சொன்னாப் போறன். இந்த ஆள் இன்னொருக்காச் சொல்றதை நம்புறீங்களா?"

மாமி செபமாலையை இறுக்கிப் பிடித்தார். "என்னகா செய்ய? நீ எடுத்தா வீடு பிறத்தியார்ட்டப் போயிரும். அவன் எடுத்தாலும் நம்மட குடும்பத்துக்குள்ள கிடக்கும். போ புள்ள. போயிரு."

பிறத்தியார் என்ற சொல் என்னைச் சுட்டது. அந்த மனுசிமேல் எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே என்னைக் கண்டு பயந்தார். பயந்துபோய் நிற்கும் ஒரு ஆளோடு எப்படி வாதாடுவது? சரி என்றேன். அன்றே மன்னாருக்குத் தந்தி அடித்தேன்.

என் கணவர் லீவு எடுத்துக்கொண்டு வந்தார். லொறி வந்தது. ஒழுங்கைச் சனம் வேலி ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தது. தம்பிக்காரர் கையில் புதுப் பூட்டோடு படலைக்குள் காத்து நின்றார். மாமி அவருக்குப் பக்கத்தில் இருந்தார். அலுமாரியை நாலு பேர் தூக்கி ஏற்றினார்கள். கடைசியாகப் பிள்ளையின் தொட்டிலைக் கழற்றிக்கொண்டு நான் வெளியே வந்தேன். வீடு வெறுமையாகிவிட்டது. தம்பி பூட்டோடு விறாந்தையில் ஏறினார்.

அதற்குள் திரேசா வேலியைப் பிரித்துக்கொண்டு குசினிப் பக்கத்தால் உள்ளே போய்விட்டாள். கக்கத்தில் பாய், ஒரு கையில் சோற்றுப் பானை, மறு கையில் அந்தோனியார் படம். முன்கதவுக்கு வந்து, வாசற்படியின் குறுக்கே பாயை விரித்துக் குந்தினாள். வாய் திறந்து நாலு பேர் முன்னால் பேசி நான் பார்த்திராத பிள்ளை அது.

"திரேசா, எழும்பு. என்ன இது?" என்றார் மாமன்.

"எழும்ப மாட்டன் மாமா. இது அப்பா கட்டின வீடு."

"உறுதி என்ட பேரில இரிக்கு."

"கோட்டுக்குக் கொண்டு போங்க. அது முடியிறதுக்குள்ள எனக்கு நரைச்சிரும். அதுவரைக்கும் நான் இஞ்சதான். இல்லாட்டி இத்தனை சனத்துக்கு முன்னால மருமகள்ட கையப் புடிச்சி இழுத்து வெளிய போடுங்க. போடுங்க மாமா."

ஒழுங்கைச் சனம் படலைக்குக் கிட்ட நெருங்கி வந்தது. கலியாணத்தில் கை பிடித்துக் கொடுக்க வேண்டிய மாமன், அந்தக் கையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினான் என்றால் பிறகு அவன் எந்தக் கோயில் வாசலிலும் நிற்க முடியாது. அவருடைய கை இரண்டு தரம் நீண்டது, இரண்டு தரமும் மடங்கியது. கடைசியில் பூட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். சனத்துக்குள் யாரோ ஒரு கிழவி கைகொட்டினாள். எனக்கும் தொட்டிலைப் போட்டுவிட்டுக் கைகொட்ட வேண்டும் போல இருந்தது.

மாமியைத் தேடினேன். அழுது சிரித்துக்கொண்டு மகளைக் கட்டிப்பிடிக்க ஓடியிருப்பார் என்று நினைத்தேன். அவர் ஓடவில்லை. படலைத் தடியைப் பிடித்துக்கொண்டு, வாசலில் இருந்த மகளையே பார்த்தபடி நின்றார். நான் கிட்டப் போனதும் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார்.

"புள்ள, இவள் உள்ளுக்குப் பூந்திற்றாள். இவளை இனி ஆரு எழுப்புற?"

"மாமி, அது உங்கட மகள்."

"மகள்தான்கா" என்றார் மாமி, குரலை இறக்கி. "ஆனா உள்ளுக்கெல்லோ இரிக்காள்."